பத்திரிகையில் வராத பென்சில் படம்

வின்சென்ற் வான்கோ என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவன சூரியகாந்திப் பூக்களும் அறுந்த காதுமே. இரண்டுக்கும் முந்திய வான்கோ ஒருவர் இருந்தார். பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து பிழைக்க ஆசைப்பட்டவர். பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அவர்மீதே பிரியம் அதிகம்.

2021 செப்ரெம்பரில், அதுவரை வெளியுலகம் அறிந்திராத பென்சில் படமொன்றை வான்கோவினுடையதென உறுதிப்படுத்திக் காட்சிக்கு வைத்தது அம்ஸ்ரர்டாமிலுள்ள வான்கோ அருங்காட்சியகம். 1910 அளவிலிருந்து ஒல்லாந்தில் தனியார் சேகரிப்பில் கிடந்த தாள் அது. கதிரையில் குந்தியபடி, குனிந்து, முகத்தை இரு கைகளுக்குள்ளும் புதைத்திருக்கும் வழுக்கைத்தலைக் கிழவர். 1882 நவம்பரில் ஹேக் நகரில் வரையப்பட்டது. இதையடுத்துச் செப்பமாக வரைந்த படத்துக்கு வான்கோ இட்ட தலைப்பு 'வோர்ன் அவுட்'. உழைத்து ஓய்ந்தவர் எனத் தமிழில் கொள்ளலாம்.

ஒல்லாந்துக்காரர் ஆங்கிலத்தில் தலைப்பிடுவானேன்? விடயம் அங்கேதான் இருக்கிறது. 1870களில் இலண்டனில் வேலைபார்த்த காலத்தில் 'கிராஃபிக்' முதலான வார இதழ்களின் படங்களில் மனதைப் பறிகொடுத்தவர் அவர். வீடற்றோரையும் பசித்தோரையும் மரச்செதுக்கு அச்சில் காட்டிய படங்கள் அவை. அவற்றை வெட்டியெடுத்துச் சேகரித்தார். தாமும் அவ்விதழ்களில் இடம்பெற வேண்டுமென்பது கனவு. ஏழைகளின் வீட்டுச் சுவரில் தொங்கத்தக்க மலிவான அச்சுப் படங்கள் செய்யவும் திட்டமிட்டார். இதே கிழவரைக் கல்லச்சிலும் பதித்தார்.

கிழவரின் பெயர் அட்ரியானுஸ் சைடர்லாண்ட். முதியோர் இல்லவாசி. கூலி கொடுத்து அவரை அமர்த்திப் பலமுறை வரைந்திருக்கிறார் வான்கோ. தச்சர்கள் பாவிக்கும் தடித்த பென்சில், கனமான நீர்வண்ணத் தாள். பாணைப் பிய்த்துத் தேய்த்து ஒளி விழும் இடங்களை வெளுப்பாக்கினார். கரிக்கோடு கலையாதிருக்கப் பாலையும் நீரையும் கலந்து தாளில் பூசினார். கறுப்பு-வெள்ளையில் பத்திரிகைத் தாள் எதைத் தாங்கும் என்று எண்ணிய கையின் வேலை அது.

இதைப் 'பின்-மனப்பதிவுவாத' ஓவியரின் ஆரம்பப் பயிற்சி என எழுதிவிடுவது வழக்கம். அந்தப் பெயரே 1910இல் இலண்டனில் றொஜர் ஃபிறை என்ற விமர்சகர் சூட்டியது. வான்கோ மறைந்து அப்போது இருபது ஆண்டுகள். பாரிஸ் சென்று மனப்பதிவுவாதிகளின் வண்ணங்களை நேரில் கண்டறிந்ததும் 1886இல்தான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இக்கிழவரைப் பார்ப்பது தலைகீழான பார்வை என்பேன்.

இன்னொரு வழக்கம் இதைவிட மோசம். 1890 மே மாதத்தில், சென்-றெமி மனநோய் விடுதியில், தம் பழைய கல்லச்சுப் படத்தைப் பார்த்து நீல உடையில் இதே கிழவரை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். ஜூலையில் இறந்தார். ஆகவே அது தற்கொலைக்கு முந்திய வாக்குமூலம் என்று உருகுகிறார்கள். குனிந்திருப்பவர் வான்கோ அல்லர், ஐயா. எட்டு ஆண்டுகளுக்கு முன் கூலிக்கு வந்து அமர்ந்த ஒரு முதியவர். ஓவியனின் துயரத்தைப் பெரிதாக்கப் போய், அவன் காட்டவந்த ஆளை நாம் மறந்துவிடுகிறோம்.

அவர் ஆசைப்பட்ட ஆங்கில இதழ் எதிலும் அவருடைய படம் ஒன்றுகூட வரவில்லை.