கடிதம் எழுதியாயிற்று, காரியம் முடிந்ததா?

நம் சங்கங்களின் நிர்வாகக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் விடை ஒன்று உண்டு. "அந்தப் பாக்கி என்னவாயிற்று?" என்று அங்கத்தினர் ஒருவர் வினவுவார். "கடிதம் எழுதியாயிற்று" என்று விடை வரும். அத்துடன் பேச்சு அடுத்த பொருளுக்குச் சென்றுவிடும். கடிதம் போய்ச் சேர்ந்ததா, மறுமொழி வந்ததா, வராவிடில் எந்த நாளில் மீண்டும் கேட்பது என்பவற்றை எவரும் குறித்து வைப்பதில்லை. நம் சங்கங்களுக்கு நேரும் நஷ்டங்களில் பல இந்த மறதியால் நேர்வனவே என்பது நமது கருத்து.

தறியில் பாவிழை ஒன்று அறுந்தால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நெசவாளர் விட்டுவிடுவதில்லை. விட்டால் அக்குறை துணியின் நீளம் முழுதும் ஓடும் என்பதை அவர் அறிவார். மடையைத் திறந்த உழவரும் கடைப் பாத்திக்கு நீர் ஏறிற்றா என்று பார்த்த பின்னரே வீடு திரும்புகிறார். தம் தொழிலில் இத்துணை விழிப்புடையோர் சங்க அலுவலில் மட்டும் தளர்ந்துபோவது ஏன்?

நாம் அறிந்த நெசவாளர் சங்கம் ஒன்று, வெளியூர் வியாபாரி ஒருவருக்குக் கடனுக்குச் சேலைகள் அனுப்பியது. பணம் வரவில்லை. இரண்டு கடிதங்கள் சென்றன. பின்னர் எழுத்தர் மாறினார். நகல்கள் கட்டுக்குள் போயின. தணிக்கையாளர் கண்ணில் அது பட்டபோது மூன்றாண்டு கடந்துவிட்டிருந்தது. அவ்வாண்டு போனஸ் குறைந்தது. நூல் வாங்கவும் முதல் போதவில்லை. நெய்தவர் உழைப்பில் குறையில்லை, இழந்தவரும் அவரே.

மூன்றாண்டு என்பதற்குச் சட்டத்தில் பொருள் உண்டு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தவணை குறிக்காமல் கடனுக்கு விற்ற சரக்கின் விலைக்கு, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். நாம் எத்தனை நினைவூட்டுக் கடிதம் எழுதினாலும் அதனால் மட்டும் கெடு நீளாது. கெடு முடியுமுன் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால், அந்நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். ஆகவே கடிதம் அனுப்புவதோடு நில்லாமல் எழுத்தில் மறுமொழி பெறுவதே முயற்சியின் நோக்கமாதல் வேண்டும்.

பயிரிடுவோர்க்கோ கெடு இன்னும் குறுகியது. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை போன்று ஓரிடத்தில் மட்டும் நேரும் சேதத்தை 72 மணி நேரத்திற்குள் அறிவித்தாக வேண்டும். சொல்லிவிட்டோம் என்றிருப்பதும் போதாது. அறிவிப்பு பதிவாயிற்றா, பார்வையிட ஆள் வந்தாரா என்று தொடர்ந்து விசாரித்தல் வேண்டும்.

இதற்கு மருந்து பெருஞ்செலவானதன்று. அரசு அலுவலகங்களில் எழுத்தர்கள் தன்பதிவேடு வைத்து, தம்மிடம் வந்த ஒவ்வொரு தாளையும், அதன்மீது எடுத்த நடவடிக்கையையும் நாளிட்டுப் பதிகின்றனர். நம் சங்கங்களுக்கு அதனினும் எளிய ஒரு நோட்டு போதும். விஷயம், பொறுப்பாளர், கடைசியாகச் செய்தது, அடுத்துப் பார்க்க வேண்டிய நாள் என நான்கு பத்திகள் இருக்கட்டும். இவற்றுள் நான்காவதே உயிரானது. அது வெறுமையாக இருக்கும் எந்த வரியும் மறக்கப்படப்போகும் வரியே. வாரந்தோறும் திங்களன்று காரியதரிசி அதனைப் புரட்டுக. கூட்டத்தின் முதற்பொருளாகச் சென்ற கூட்டத் தீர்மானங்களின் நிலை படிக்கப்படுக.

காரியதரிசி ஒருவர், வேலையோ பல என்பர் சிலர். வேலை பலவாதலாலேயே நினைவை நம்பலாகாது. அடிக்கடி கேட்டால் வாடிக்கையாளர் மனம் வருந்துவார் என்பர் வேறு சிலர். உரிய நாளில் பணிவாகக் கேட்பவரிடம் நேர்மையான வியாபாரி வருந்துவதில்லை. ஈராண்டு வாளாவிருந்துவிட்டுத் திடீரென வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால்தான் உறவு முறியும்.

1844இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 28 பேர் கூடிச் சங்கம் கண்டபோது, கணக்கை அங்கத்தினர் முன் அடிக்கடி வைப்பதையும் தம் நெறிகளுள் ஒன்றாகக் கொண்டனர். கேட்கும் உரிமை நம்முடையது, கேட்பது கடமையுமாகும். அடுத்த கூட்டத்தில் "கடிதம் எழுதியாயிற்று" என்ற விடை வருமாயின், அங்கத்தினர் அமர்ந்துவிடாமல், "மீண்டும் பார்க்கும் நாள் எது?" என்று வினவுவாராக. அந்த நாள் நோட்டில் ஏறிய பின்னரே அடுத்த பொருளுக்குச் செல்வோம்.