கெட்டி எண்ணெய் வைத்தியம்

பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டிருப்பவரைக் கண்டால் உலகத்தாருக்கு எங்கிருந்தோ கருணை பொங்கிவிடுகிறது. பானெட்டைத் தூக்கி நிறுத்தினால் போதும். வழியே போகிறவர் நின்று காது கொடுத்துக் கேட்கிறார். "டாப்பெட் சத்தம் சார்! கெட்டி ஆயிலாக ஊற்றுங்கள், அடங்கிவிடும்" என்று சொல்லிவிட்டு, பெரிய தர்மம் ஒன்றைச் செய்து முடித்த திருப்தியோடு நடையைக் கட்டுகிறார். இந்தத் தர்மவான்களோடு எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. அதை இன்று பகிரங்கமாகவே பேசிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன்.

என் கட்சி மிகவும் சுருக்கமானது. சத்தம் அடங்குவது வேறு. கோளாறு தீர்வது வேறு. கெட்டி எண்ணெய் முதல் காரியத்தைச் செய்யும், இரண்டாவதைச் செய்யாது. அவலாஞ்சி போன்ற குளிர்ப் பிரதேசத்திலோ கோளாறை வளர்த்தும் விடும்.

"கதை எழுதுகிறவருக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?" என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். கார் வாங்கிய காசு என்னுடையது. அது வழியில் நின்றபோது தள்ளிய தோளும் என்னுடையதே. இதற்குமேல் என்ன யோக்கியதை வேண்டும்?

1950-களின் இறுதியில் நம் சாலைகளுக்கு வந்து, 2014 மே மாதத்தில் உத்தரபாராவில் உற்பத்தி நின்ற அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். நெடுங்காலம் அதில் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் வால்வுகள் எட்டு. கீழே கேம் ஷாஃப்ட் சுழல்கிறது. அதன்மேல் உரசியபடி டாப்பெட் ஏறி இறங்குகிறது. புஷ் ராடு என்ற கம்பி அந்த அசைவை மேலே கொண்டுபோகிறது. ராக்கர் என்ற சிறு நெம்புகோல் வால்வை அழுத்தித் திறக்கிறது. ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தே ஆகவேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். சரியான எண் அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கிறது.

இடைவெளி எதற்கு? சூடேறினால் இரும்பு நீளும். இடைவெளி இல்லாவிட்டால் நீண்ட வால்வு தன் இருக்கையில் முழுவதும் உட்காராது. புகையை வெளியேற்றும் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் அந்த இருக்கையின் வழியாகத்தான் இறக்கிவைக்கிறது. உட்கார வழியில்லாதபோது அதன் விளிம்பு கருகிப் போகிறது. ஆகையால் பழைய எஞ்சினில் மெல்லிய 'டிக் டிக்' ஓசை ஆரோக்கியத்தின் அடையாளம். பேசுகிற வால்வைவிடப் பேசாத வால்வுக்குத்தான் பயப்பட வேண்டும்.

அவலாஞ்சிக்குப் போகும் பாதையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவரிடம் பழைய அம்பாசடர் ஒன்று. பக்கத்து ஹட்டியில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் ராத்திரி வேளையில் அந்த வண்டிதான் உதகைக்கு ஓடும். ஒரு தடவை சமவெளிக்கு இறங்கியபோது ஒரு பட்டறையில் சத்தத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்த மெக்கானிக் ராக்கர் திருகுகளை ஓசை நிற்கும்வரை இறுக்கினார், ஒற்றை எண் 50 எண்ணெயை ஊற்றினார், "கேளுங்கள் சார், தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது!" என்று பெருமையோடு சொல்லிக் காசு வாங்கிக்கொண்டார்.

தையல் மெஷின் ஜனவரி வரை ஓடிற்று. புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த ஓர் இரவு, நெஞ்சு வலி என்று ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு நண்பர் புறப்பட்டார். முதல் ஏற்றத்திலேயே எஞ்சினில் ஒரு சிலிண்டர் செத்துவிட்டது. பாதி வழியில் வண்டி நின்றது. தெய்வாதீனமாகக் காய்கறி லாரி ஒன்று வந்து பெரியவரை ஏற்றிக்கொண்டு போயிற்று, அவர் பிழைத்தார். பிறகு எஞ்சினின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், ஒரு வால்வின் விளிம்பு கடித்துத் துப்பிய முறுக்குப்போல் இருந்தது. ராக்கர் ஷாஃப்டில் விரல் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம். சத்தத்தை அடக்கியதற்குக் கிடைத்த பரிசு அது.

இங்கே குளிர் என்ன செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த பெரும் சரிவினால் இங்கிலீஷில் ஏற்பட்ட பெயரைத்தான் நாம் அவலாஞ்சி என்கிறோம். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2000 மீட்டருக்கு மேலே உள்ள இந்தப் பக்கத்தில் பனிக்காலத்து ராத்திரி பூஜ்யத்தை ஒட்டி வருவதுண்டு. அடியில் தொட்டியில் கிடக்கும் எண்ணெய் மேலே ஏறிக் கடைசியாகச் சேரும் இடங்களில் ஒன்று அந்த ராக்கர் ஷாஃப்ட். மேட்டுப்பாளையத்து வெயிலில் ஓடுகிற எண்ணெய் இங்கே விடியற்காலையில் வெல்லப் பாகாக நிற்கும். அது மேலே போய்ச் சேரும்வரை இரும்பும் இரும்பும் உலர்ந்தே தேய்கின்றன.

டப்பாவின்மேல் 20டபிள்யூ-50 என்று அச்சிட்டிருப்பது ஏதோ மந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் இங்கிலீஷ் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் எண்ணெய் எளிதாக ஓடும். பின்னால் உள்ள எண் எஞ்சின் கொதிக்கும்போது எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. ஒற்றை எண் 50-க்குக் குளிர்கால உத்தரவாதம் எதுவும் இல்லை. தேய்ந்த எஞ்சினை வைத்துக்கொண்டு மதுரையிலோ திருச்சியிலோ ஓட்டுகிறவர் 20டபிள்யூ-50 ஊற்றுவதில் நியாயம் உண்டு. சூட்டில் எண்ணெய் அழுத்தம் விழாமல் அது காக்கும். இதை நான் மறுக்கவில்லை. மலையிலேயே வாழும் வண்டிக்கு, கையேடு இடம் கொடுத்தால், 15டபிள்யூ-40 பொருத்தம் என்றுதான் சொல்கிறேன்.

கெட்டிக் கட்சிக்கு நேர் எதிராக இன்னொரு கட்சியும் இருக்கிறது. "விலை உயர்ந்தது எதுவோ அதுவே உயர்ந்தது" என்பது அதன் கொள்கை. இன்றைய கார்களுக்கென்று வந்திருக்கும் மெல்லிய எண்ணெயை வாங்கித் தாத்தா காலத்து எஞ்சினில் ஊற்றுகிறார்கள். புகையைச் சுத்தம் செய்யும் கருவியைப் பாஸ்பரஸ் கெடுக்கிறது என்பதற்காக, 2004-இல் வந்த எஸ்.எம். தரத்திலிருந்து அத்தகைய மெல்லிய எண்ணெய்களில் அதை 0.08 சதவீதத்துக்குள் கட்டிவைத்திருக்கிறார்கள். துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்துதான் கேம் ஷாஃப்டும் தட்டை டாப்பெட்டும் உரசும் இடத்தைக் காப்பாற்றுகிறது. புதிய காருக்கு நன்மை செய்யும் சிக்கனம் பழைய காருக்குப் பட்டினி.

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் எண்ணெய் மட்டத்தைக் கம்பியை உருவிப் பாருங்கள். பிறகு காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே எஞ்சின் சுற்றும் வேகத்தில் பாதி வேகத்தில் 'டிக் டிக்' என்றால் வால்வு. ஏற்றத்தில் மிதிக்கும்போது மட்டும் கலகலத்து, காலை எடுத்தால் நின்றால், இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். குளிரில் 'சிக் சிக்' என்று தொடங்கிச் சூடானதும் குறைந்தால், புகைக் குழாயின் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். அடிவயிற்றிலிருந்து 'டொக் டொக்' என்று கனத்த ஓசை வந்தால் பேரிங். எஞ்சினை உடனே நிறுத்துங்கள். இந்த நாலுக்கும் ஒரே டப்பா எண்ணெயை மருந்தாகச் சொல்கிறவர், தலைவலிக்கும் கால் முறிவுக்கும் ஒரே கஷாயம் கொடுக்கிற வைத்தியருக்கு அண்ணன்.

வால்வுதான் என்று தெரிந்தால், ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டுக் கொத்தை எடுங்கள். அம்பாசடரின் அந்தப் பழைய எஞ்சினுக்கு ஒன்பதின் கணக்கு ஒன்று உண்டு. எட்டாவது வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்யலாம். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. ராக்கரின் முனை குழிந்திருந்தால் தகடு குழியின்மேல் பாலம்போல் நின்று பொய்க் கணக்குச் சொல்லும். அப்போது ராக்கரைத்தான் மாற்ற வேண்டும். ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள பிற்காலத்து வண்டிகளில் இடைவெளியை எண்ணெயே நிரப்புகிறது. அங்கே சத்தம் வந்தால் எண்ணெய் குறைந்திருக்கிறதா, அழுக்கேறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இவ்வளவு வேலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கெட்டி எண்ணெயின் உண்மையான ரசிகர் யார் தெரியுமா? பழைய காரை விற்க நிற்பவர். வாங்க வருகிறவர் காதில் விழாதபடி நாலு நாளைக்குச் சத்தத்தை மூடிவைக்க அதைவிட மலிவான உபாயம் கிடையாது. பிறரை ஏமாற்றப் பயன்படும் அதே உபாயத்தை நாம் நமக்கே செய்துகொண்டு, அதற்கு வைத்தியம் என்று பெயர் சூட்டுகிறோம். ஒரு டப்பா எண்ணெய் விலையில் சிறு பங்குக்கு ஃபீலர் கேஜ் கிடைக்கிறது. அடுத்த தடவை ஊரார் கருணையோடு எட்டிப் பார்க்கும்போது அதை எடுத்து அவர் கையில் கொடுங்கள். உண்மையான மெக்கானிக்காக இருந்தால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலையில் இறங்குவார். மற்றவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள்.