வேட்டைக்கு ஆயத்தமாகும் நண்பர்களுக்கு

நீண்ட விடுமுறை நெருங்கும்போது நகரத்து நண்பர் குழாம் ஒன்று வன்னிக்கு வேட்டைத் திட்டம் தீட்டுவதை நாம் அறிவோம். வாகனம், ரோச் லைட்டு, நாய்கள், துவக்குக்கு ஒரு வழி, கறிக்கு மிளகாய்த்தூள் யாவும் ஆயத்தம். முத்தையன்கட்டா, நெடுங்கேணியா என்பதொன்றே மீதமிருக்கும் கேள்வி. ஏனென்று கேட்டால் விடையும் ஆயத்தமே: "பயிரழிக்கும் பன்றியைத்தானே சுடுகிறோம்? கமக்காரனுக்கு உதவிதானே!"

இந்த உதவியைச் சற்று உரைத்துப் பார்ப்போம்.

பன்றி வருவது கதிர் முற்றும் காலத்தில். நண்பர்கள் வருவதோ லீவு கிடைக்கும் காலத்தில். பயிருக்கு வேண்டியது பல இரவுகளின் காவல். இவர்கள் நாடுவதோ வயலையன்று. விலங்குகள் நீரருந்த வரும் குளக்கரையை. அங்கே குண்டுக்கு இரையாவன 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கின்ற மானும் மரையுமே. இது காவலா, களியாட்டமா?

"அழிவு செய்யும் பிராணி" என்னும் பட்டம் ஆபத்தானது. ஆங்கிலேய ஆட்சி யானைக்கு அப்பட்டத்தைச் சூட்டித் தலைக்கு இத்தனை எனப் பரிசும் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் ஏறத்தாழ 3,500 யானைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டதென எமர்சன் டெனன்ட் எழுதி வைத்தார். அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் 'பிரெய்ரி நாய்' உண்மையில் அணிலினம். பண்ணை முதலாளிகளுக்காக அரசே அதற்கு நஞ்சிட்டது. அதைச் சுடப் பயணம் போவது இன்றும் அங்கே பொழுதுபோக்கு. அதை உண்டு வாழ்ந்த கருங்கால் ஃபெரெட் அற்றுப்போயிற்றென்றே கருதப்பட்டு, 1981இல்தான் வயோமிங்கில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

கமக்காரனின் துயர் பொய்யன்று. 2009இல் போர் முடிந்தபின் மீண்டவர்கள், காடேறிக் கிடந்த வயல்களை வெட்டித் திருத்தினார்கள். விளைந்ததைப் பன்றியும் குரங்கும் மயிலும் கொண்டுபோகின்றன. வேறு வழி காணாதவன் கட்டுத்துவக்குக் கட்டுகிறான்; பன்றிவெடி வைக்கிறான். கட்டுத்துவக்கின் கயிற்றுக்குப் பன்றியின் கால் எது, விறகு பொறுக்கப் போனவளின் கால் எது என்று தெரியுமா? கட்டியவனும் ஏழை, காலிழப்பவளும் ஏழை. வாய் சிதைந்த யானைக்கன்று பட்டினியால் சாகிறது. இறைச்சிக்கு விலை வைப்பவன் மட்டும் பத்திரமாக இருக்கிறான்.

அரசோ, 2025 மார்ச் 15ஆம் நாள் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் ஐந்து நிமிடம் எண்ணும்படி நாட்டு மக்களைக் கேட்டது. எண்ணியது போதாது. வயலுக்கு வேலி வேண்டும். இழந்த பயிருக்குத் தாமதமற்ற நட்டஈடு வேண்டும். ஊர் கூடிக் காவல் காக்க உதவி வேண்டும். இவற்றைக் கேட்கும் குரலை "நாங்கள் சுட்டுத் தருகிறோம்" என்னும் வீரப்பேச்சு அமுக்கிவிடுகிறது. அரசின் கடமை துவக்குக்காரனின் தயவாகச் சுருங்குகிறது.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! வேட்டைக் கதைகளை வாய்பிளந்து கேட்கும் வகுப்பறைகளில் இக்கணக்கையும் சொல்லுங்கள். உண்மையிலேயே கமக்காரனுக்கு உதவ விரும்புபவர்கள் துவக்கின்றி வரட்டும். கதிர் முற்றும் காலத்தில், பரணில் விழித்திருக்க இன்னும் ஓராளுக்கு எப்போதும் இடமுண்டு.