செல்ப் மேல் பழி போடும் முன்

அணையில் தண்ணீர் இருக்கிற வருஷங்களில், கார் சாகுபடிக்கு ஜூன் மாதம் பாபநாசம் அணையைத் திறப்பார்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று அணைக்கட்டுக்கு அணைக்கட்டு பிரிந்து கால்வாயில் தண்ணீர் ஏறிவிட்டால், பிறகு ஊரில் யாருக்கும் நிற்க நேரமிராது. எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் தொழி அடிக்க, அதாவது சேறாக உழ வேண்டும். டிராக்டர் வைத்திருப்பவர் வீட்டு வாசலில் ஆள் காத்திருக்கும். அந்த வாரமாகப் பார்த்து ஒரு டிராக்டர் எழும்ப மறுத்தால் நஷ்டம் வண்டிக்காரரோடு நிற்காது. நாலு பேர் நாற்றுக்கு வயது தப்பிவிடும்.

சேரன்மகாதேவியில் என் அத்தானின் மினி டிராக்டர் இந்த முறை அப்படித்தான் படுத்துக்கொண்டது. சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வந்தவர் போனவர் எல்லாரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: “செல்பு போச்சு.” செல்ப் என்றால் எஞ்சினை எழுப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார். புது மோட்டார் வாங்க அத்தான் பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குக் கிளம்பினார். பஸ் ஏறுமுன் ஆட்டோ எலெக்ட்ரீசியன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று அக்காதான் பிடிவாதமாக நின்றாள்.

வந்தவர் ஸ்பேனரைத் தொடவில்லை. “அண்ணாச்சி, ஹெட்லைட்டப் போட்டுட்டு சாவியத் திருகுங்க” என்றார். லைட் சுத்தமாக மங்கியது. அந்த ஒரு பார்வையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது. லைட் மங்காமல், சத்தமும் வராமல் இருந்தால் மின்சாரம் மோட்டார் வரைக்கும் போகவே இல்லை: பியூஸ், சாவி ஸ்விட்ச், கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி வைத்திருக்கும் ஸ்விட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ‘டக டக’வென்று அடித்துக்கொண்டால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது. மோட்டார் மட்டும் ‘வீர்’ என்று சுற்றி, எஞ்சின் அசையாவிட்டால், மோட்டாரின் பெண்டிக்ஸ் பல் ஃப்ளைவீலோடு போய்ச் சேரவில்லை. லைட்டும் மங்கி, ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றால்தான் குழப்பம். பேட்டரியாகவும் இருக்கலாம், மோட்டார் இறுகியும் இருக்கலாம், நடுவில் வயராகவும் இருக்கலாம்.

அடுத்து மீட்டரை எடுத்தார். பேட்டரியில் 12.6 வோல்ட். முழு சார்ஜ் என்று அர்த்தம், 12.2க்கு வந்தால் ஏறத்தாழ பாதி. சாவியைத் திருகும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இங்கே விழவே இல்லை. லைட் மங்குகிறது, பேட்டரி மங்கவில்லை என்றால் களவு இடையில் நடக்கிறது. மீட்டரின் ஒரு கம்பியை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருகச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் மூன்றுக்கு மேல் காட்டியது. எர்த் வயர் சேஸிஸில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினால், உள்ளே சேறும் துருவும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். வண்டி முதல் திருகிலேயே எழும்பியது.

“செல்பு போச்சுன்னு தூக்கிட்டு வாரதுல பாதிக்கு மேல செல்பு நல்லாத்தான் இருக்கும், அண்ணாச்சி” என்றார் அவர்.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. எஞ்சினை முதல் சுற்று சுற்ற வைக்க, அந்தச் சின்ன மோட்டார் சில விநாடிகளுக்கு நூறு, இருநூறு ஆம்பியர் இழுக்கிறது. அத்தனை மின்சாரம் போகும் பாதையில், ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும். இருநூறு ஆம்பியருக்கு இரண்டு வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். மடையில் மண் தட்டினால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதது போலத்தான். லைட்டுக்கும் ஹாரனுக்கும் வேண்டியது சில ஆம்பியர்தான் என்பதால், சாவியைத் திருகாத நேரத்தில் அவை ஒழுங்காக வேலை செய்யும். பழி செல்ப் மேல் விழும்.

கார்களில் இந்த மோட்டாரை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1911ல் செய்து முடித்தார். 1912 மாடல் காடிலாக் கார்களில் அது வந்தது. அதற்கு முன் கைப்பிடி போட்டுச் சுற்றுவதுதான் வழி. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காதே என்று டீசல் பம்ப்செட் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்றும் சொல்வது அதனால்தான். அதே 1912ல்தான் திருநெல்வேலி மாவட்டத்துத் திருக்குறுங்குடியில் பிறந்த சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். அவர் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் பெயரில் முதல் எழுத்து திருக்குறுங்குடிதான். 1961ல் அந்தக் குழுமம் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னை பாடியில் தொழிற்சாலை தொடங்கி, வண்டிகளுக்கான மின்கருவிகளைச் செய்யலாயிற்று. இன்று நம் மினி டிராக்டருக்கும், டவுன் பஸ்ஸுக்கும் எஞ்சினை எழுப்புகிற ஏற்பாடு ஒன்றுதான்.

மோட்டாரே கெட்டுப்போவதும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆற்றோரம் முழுக்க நின்ற இடத்திலேயே வண்டிகள் மூழ்கின. செல்ப் மோட்டார் எஞ்சினின் கீழ்ப்பக்கம் உட்கார்ந்திருப்பது. வெள்ளம் வடிந்தாலும் அதற்குள் வண்டல் வடியாது. புஷ் துருப்பிடிக்கும், கார்பன் பிரஷ் அசையாமல் ஒட்டிக்கொள்ளும், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சொலினாய்டுக்குள் செம்பு பச்சை பூக்கும். அன்றைக்கு ஸ்டார்ட் ஆன வண்டிகூடச் சில மாதம் கழித்துப் படுத்துவிடலாம். வெள்ளத்தில் நின்ற வண்டியின் மோட்டாரைக் கழற்றிக் கழுவிக் காயவைக்காமல் சாவி போடக் கூடாது. தொழி உழவில் கேஜ் வீல் வாரியடிக்கும் சேறும் இதே வேலையைத்தான் மெதுவாகச் செய்கிறது.

அப்போதும் முழு மோட்டாரையும் தூக்கிப் போட அவசியமில்லை. கார்பன் பிரஷ், புஷ், சொலினாய்டு, பெண்டிக்ஸ் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். ஆர்மேச்சர் கருகியிருந்தால்தான் செலவு கூடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதைக் கையோடு கொண்டுபோய், பல் எண்ணிக்கை, சுற்றும் திசை, போல்ட் துளை மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கழற்றுமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் எடுத்துவிட வேண்டும். வயர்களைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். கழற்றிய துளை வழியே டார்ச் அடித்து ஃப்ளைவீல் பற்களைப் பாருங்கள். அவை தேய்ந்திருந்தால் புது மோட்டாரும் கத்தும். உட்காரும் இடத்தில் பெயின்டோ துருவோ இருந்தால் சுரண்டிவிட வேண்டும். மோட்டாருக்கு எர்த் அந்த இரும்பு வழியாகத்தான் வருகிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். செல்ப் எடுக்காத டிராக்டரின் பக்கத்தில் தரையில் நின்றபடி சொலினாய்டின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. வண்டி கியரில் கிடந்தால் ஸ்டார்ட் ஆன நொடியே நகரும். நிற்பவர் பின்சக்கரத்துக்கு முன்னால்தான் நிற்கிறார். உலகம் முழுக்க விவசாயிகள் இப்படிச் செத்திருக்கிறார்கள். கிளட்ச் ஸ்விட்சை வெட்டி நேராக இணைப்பதும் அதே ஆபத்துதான். ஸ்டார்ட் செய்கிற இடம் சீட்.

சித்திரை, வைகாசியில் வண்டி சும்மா நிற்கும்போதே பேட்டரி முனைகளை வெந்நீரும் சோடா உப்பும் ஊற்றிக் கழுவுங்கள். எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து முடுக்குங்கள். சாவியை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காமல், அரை நிமிஷமாவது ஆறவிட்டு அடுத்த தடவை திருகுங்கள். இத்தனையும் பார்த்த பிறகும் எழும்பவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றலாம். அதுவரை பணம் பையிலேயே இருக்கட்டும்.