கற்றல் தொழில்நுட்பப் பிரிவின் தலைமை யாருக்குரியது?

பல்கலைக்கழகமொன்றில் கற்றல் தொழில்நுட்பச் சேவைகளுக்குப் புதிய தலைவர் ஒருவர் நியமிக்கப்படும்போது, அவரிடம் முதலில் எதிர்பார்க்கப்படுவது கொள்வனவே. எத்தனை வகுப்பறைகளில் திரைகள் பொருத்தப்பட்டன, எந்த நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது என்பனவே முதலாண்டு அறிக்கையின் உள்ளடக்கமாகின்றன. அப்பதவியைக் களஞ்சியக் காப்பாளர் பதவியாகக் கருதும் இம்மனப்பாங்கு கற்போருக்குத் தீங்கு விளைப்பதாகும். இயந்திர அறிவு அவருக்கு வேண்டியதே. ஆயின் அவர் வகிப்பது அடிப்படையிற் கற்பித்தல் சார்ந்த பதவி என்பதை மறத்தலாகாது.

வரலாறு இதனைத் தெளிவுபடுத்தும். 1960ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிற்சர் என்பார் பிளேட்டோ என்னும் கணனிவழிக் கற்பித்தல் முறைமையை உருவாக்கினார். அவர் மின் பொறியியலாளர். ஆயினும் அம்முறைமை பரந்து பயன்பட்டமைக்கு, ஆசிரியர்கள் தாமே பாடங்களை எழுதத்தக்க ரியூட்டர் என்னும் மொழி அதற்கென ஆக்கப்பட்டமை முக்கிய காரணமாகும். பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகமும் இதற்குச் சான்று பகரும். 1969இல் நிறுவப்பட்டு 1971இல் கற்பித்தலைத் தொடங்கிய அந்நிறுவனம் பி.பி.சி.யின் ஒலி, ஒளிபரப்புகளாற் புகழ்பெற்றது. அதன் பாடநெறி ஒளிபரப்புகள் 2006இல் முடிவுற்றன. பல்கலைக்கழகமோ தொடர்ந்து இயங்குகின்றது. விரிவுரையாளர், பதிப்பாசிரியர், தயாரிப்பாளர் ஆகியோர் ஒருங்கிருந்து பாடங்களை ஆக்கிய குழுமுறையும், ஒப்படைகளைத் திருத்தி வழிகாட்டிய போதனாசிரியர்களுமே அதனைத் தாங்கிய தூண்கள்.

கொள்வனவையே பெரிதென எண்ணுவோர் பிறிதொரு வரலாற்றையும் மனங்கொள்ளல் வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மறி கோல்ட்பேர்க் என்னும் விரிவுரையாளர் 1990களின் நடுப்பகுதியில் உருவாக்கிய வெப்சிரி, பின்னர் வணிகப் பொருளாகி, 2006இல் பிளாக்போர்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது; காலப்போக்கில் அப்பெயரே வழக்கொழிந்தது. அதே ஆண்டில் பிளாக்போர்ட், தான் பெற்ற புத்தாக்க உரிமையைக் காட்டிப் போட்டி நிறுவனமொன்றின்மீது வழக்குத் தொடுத்தது. 2008இல் அதற்குச் சார்பாகச் சுமார் 31 இலட்சம் டொலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுரிமைக் கோரிக்கைகள் செல்லாவெனத் தீர்த்தது. விரிவுரையாளர் ஒருவரின் தேவையிற் பிறந்த கருவி இவ்வாறு சந்தைப் பொருளாயிற்று. எனவே எந்த ஒப்பந்தத்திலும் முதலிற் கேட்கவேண்டிய வினா, ஏற்றிவைத்த பாடங்களை நாளை வெளியே எடுத்துச்செல்ல இயலுமா என்பதே. அப்பாடங்களை ஆக்கும் உழைப்பை அறிந்தவரே இதனைக் கேட்பர்.

இலங்கையிற் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் மூடில், அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூஜியாமஸ் 2002இல் வெளியிட்ட இலவச மென்பொருளாகும். ஆகவே மென்பொருளின் விலை இங்குப் பெருந்தடையன்று. 2020இற் பெருந்தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ண் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் ஊடாக விரிவுரைகள் நடைபெற்றன. தரவுக் கட்டணச் சலுகையும் கிடைத்தது. எனினும் அலைத்தொடர்பு எட்டாத ஊர்களும், ஒரே கைபேசியைப் பகிர்ந்துகொண்ட குடும்பங்களும் அவ்வாறே இருந்தன.

தமிழ்மொழி மூலம் கற்போரின் நிலையை நோக்குக. யுனிகோட் நியமத்தில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட குறிப்புகளும், படமாகப் பிரதிசெய்த நூற்பக்கங்களும் மாணவர் கைக்கு வந்தவண்ணமுள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத கைபேசியில் அக்குறிப்புகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்த் தோன்றும். வேண்டிய சொல்லைத் தேடிப் பெற இயலாது. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் அவை எட்டா. இக்குறையைத் தீர்க்கப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. விரிவுரையாளருடன் அமர்ந்து குறிப்புகளை மாற்றிக் கொடுக்கும் பொறுமையே வேண்டும்.

தொழில்நுட்பப் பிரிவு கேட்டதை வழங்குவதோடு அமைதல் வேண்டும், அதன் தலைவர் கற்பித்தலிற் கருத்துரைப்பது விரிவுரையாளரின் சுதந்திரத்துக்கு ஊறாகும் என்பாரும் உளர். இவ்வாதம் மேலோட்டமானது. ஒப்படை ஏற்கும் வாயில் எப்போது மூடப்படும், இடைமுகம் எம்மொழியில் அமையும், மாணவர் எப்பக்கத்தை எப்போது திறந்தார் என்னும் பதிவை யார் பார்க்கலாம் என்பன யாவும் கற்பித்தல் பற்றிய தீர்மானங்களே. எவரும் தீர்மானியாதவிடத்து, மென்பொருளை ஆக்கியோர் வகுத்த ஒழுங்கே அவற்றைத் தீர்மானித்துவிடும். மூதவைக்கு மறுமொழி கூறக் கடமைப்பட்ட ஒருவர் அவற்றை வெளிப்படையாக முன்வைத்து விவாதத்துக்கு உட்படுத்துவதே சுதந்திரத்துக்குக் காவலாகும்.

ஆதலால் இப்பதவியை ஏற்பவர், கொள்வனவுக் கோவையைத் திறப்பதற்கு முன்னர் ஒவ்வொரு பீடத்தின் விரிவுரை மண்டபத்திலும் சிலநாள் அமர்ந்திருத்தல் வேண்டும். மாணவரின் கைபேசித் திரையில் பாடம் எவ்வாறு தோன்றுகின்றது என்பதைக் கண்ணாற் காணல் வேண்டும். அவரை நியமிப்போரும் தமது அளவுகோலை மாற்றிக்கொள்ளல் வேண்டும். தொலைதூரக் கிராமமொன்றின் மாணவி, தன் மொழியில் தடையின்றி வாசிக்கத்தக்க பாடங்கள் ஆண்டிறுதியில் எத்தனை பெருகின என்று அவரிடம் கேட்பார்களாக. அவ்வினாவுக்கு விடைகூற இயலாத தலைவருக்கு, வாங்கிக் குவித்த கருவிகளின் பட்டியல் சான்றாகமாட்டாது.