கத்திப் பிடியின் நிறம்

குடும்பங்கள் படிக்கும் இதழில் கத்தியைப் பற்றி எழுதலாமோ என்று முகம் சுளிக்கும் வாசகர் சிலர் இருப்பர். அவர்கள் அஞ்ச வேண்டா. நாம் இங்குப் பேசப் புகுவது தெருச் சண்டையில் வெளிவரும் கத்தியைப் பற்றியன்று. தந்தையரின் சட்டைப் பையிலும் தாய்மாரின் இடுப்பு மடியிலும் ஓசையின்றிக் கிடந்து, பென்சில் சீவி, மாங்காய் நறுக்கி, சாக்குக் கயிறு அறுத்து, வேலை முடிந்ததும் மடங்கித் தன் பிடிக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்ளும் சிறு மடக்குக் கத்தியைப் பற்றியது. அதிலும் அலகை விட்டுவிடுவோம். பிடியைப் பற்றி, குறிப்பாக அந்தப் பிடியின் நிறத்தைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

இதில் பேச என்ன இருக்கிறது என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம், சேக்காட்டில் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு மாலை நடந்த நிகழ்ச்சி வரை.

நம் தந்தையார் வைத்திருந்த மடக்குக் கத்தி, சென்னை மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கியது. 1985-ஆம் ஆண்டு தீக்கிரையாகும் வரை அங்கே கிடைக்காத பழம்பொருள் இல்லை என்பதை மூத்த வாசகர் அறிவர். மூன்றங்குல அலகு, இரு பக்கமும் எருமைக் கொம்பினாலான கரிய பிடி. இந்துக் கல்லூரி நிலையத்தில் மின்ரயில் ஏறி நகரத்து அலுவலகம் சென்றுவந்த ஆண்டுகளெல்லாம் அது அவர் பையில் இருந்தது. அவருடைய பெருவிரல் அழுந்திய இடத்தில் கொம்பு தேய்ந்து சிறு பள்ளம் ஒன்று விழுந்திருந்தது. அவர் மறைந்தபின் கத்தி தாயாரின் கைக்குச் சென்றது.

தாயாருக்கு எண்பது கடந்துவிட்டது. மூட்டு வலி வந்து தரையில் அமர இயலாமற் போகவே, அரிவாள்மணை பரணுக்கு ஏறிற்று. முக்காலியில் அமர்ந்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மடக்குக் கத்தியால்தான் தண்டு நறுக்குவதும் அவரைக்காயின் நார் உரிப்பதும். ஒரு கண்ணில் புரை நீக்கும் அறுவை நடந்தது. மறு கண்ணில் நீர் அழுத்த நோய் முந்திக்கொண்டது. நல்ல வெளிச்சத்தில் ஆளை அறிவார். ஆனால் கரிய பொருள் ஒன்று நிழலில் கிடந்தால் அதைப் பிரித்தறிய அவரால் ஆகாது.

நம் வீட்டுக் காய்கறித் தோலும் கீரைத் தண்டும் கழுநீரும் நாள்தோறும் பக்கத்து வீட்டுப் பசுவுக்குச் செல்வது வழக்கம். அன்று மாலை அந்த வீட்டு அம்மையார் வாளியைத் தொட்டியில் சாய்த்தபோது 'ணங்' என்றோர் ஓசை எழுந்தது. கையை விட்டுத் துழாவினார். அலகு திறந்தபடியே கத்தி வந்தது. பசு அப்போதுதான் தொட்டியை நோக்கித் தலையைத் தாழ்த்திக்கொண்டிருந்தது. அந்த அம்மையார் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. கத்தியை மடக்கி, முந்தானையால் துடைத்து, தாயாரின் கையில் கொடுத்துவிட்டுச் சென்றார். தாயார் அன்றிரவு உணவு கொள்ளவில்லை.

மறுநாள் காலை நம்மை அழைத்து, "எனக்குச் சிவப்புப் பிடி போட்ட கத்தி ஒண்ணு வாங்கிக் குடுப்பா" என்றார்.

நாம் சிரித்தோம் என்பதை வெட்கத்துடன் எழுதுகிறோம். கத்திப் பிடி என்றால் நமக்கென்று சில பிடித்தங்கள் உண்டு. அவற்றில் சிவப்புக்கு இடமில்லை. வாசகர் பொறுத்தருளினால் அந்தப் பிடித்தங்களைச் சற்று விரித்துரைப்போம்.

நம் மனத்தில் முதலிடம் பெற்றது மான்கொம்பு. கடம்பை மானின் கொம்பு உண்மையில் கொம்பன்று, எலும்பு. ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாய் முளைப்பது. மரப்பட்டை போன்ற சொரசொரப்பு இருப்பதால் நனைந்த கையிலும் வழுக்காது. ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆகிய நகரங்களின் கத்தித் தொழிலாளர் நெடுங்காலம் இந்தியாவிலிருந்தே அதைத் தருவித்தனர். 1998-ஆம் ஆண்டு நம் அரசு அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. காட்டில் உதிர்ந்து கிடந்ததாயினும் எடுத்து விற்பது குற்றமே. நம் நாட்டிலும் அதைக் கையாண்ட கொல்லர் இருந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் சேலத்து அருணாசலம் என்பவர் செய்த வேட்டைக் கத்திகளும் பன்றி வேட்டை ஈட்டிகளும் வெள்ளைக்கார அதிகாரிகளிடையே பெரும் பெயர் பெற்றவை. அவர் பெயர் பொறித்த கத்திகள் இன்றும் பழம்பொருள் திரட்டுவோர் கையில் உள்ளன.

எருமைக் கொம்பு அடுத்தது. கைச்சூடு பட்டால் தானும் சூடேறி, விரலோடு இழைந்துவிடும். ஆனால் எண்ணெய் காணாது உலர்ந்தால் வெடிக்கும், பூச்சியும் அரிக்கும். கருங்காலி மரம் நீரில் அமிழும் அளவுக்குக் கனமானது; வழவழப்பில் கொம்புக்கு இளைத்ததன்று. தந்தப் பிடியைப் பற்றிப் பேச வேண்டா. ஒரு பேனாக்கத்திக்காக யானை சாவதை நினைத்தால் அதைத் தொடவும் கை கூசுகிறது. செல்லுலாயிடு என்னும் பழைய நெகிழியோ அழகிய வஞ்சகம். ஆமையோடு போலவும் முத்துச்சிப்பி போலவும் வேடமிடும். தீயைக் கண்டால் பற்றிக்கொள்ளும். முதுமையில் அமில ஆவியைக் கக்கித் தான் காக்க வேண்டிய அலகையே துருப்பிடிக்கச் செய்யும்.

பிரான்ஸ் நாட்டில் லாயோல் என்னும் சிற்றூரில் 1829 முதல் செய்யப்படும் மடக்குக் கத்தியின் பிடியில் சிறு ஆணிகளைச் சிலுவை வடிவில் பதிப்பதுண்டு. மலைமேல் ஆடு மாடு மேய்த்த இடையர், கோயில் அருகில் இல்லாத நாளில், அந்தக் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்திச் சிலுவையை நோக்கிச் செபித்தனர் என்பர்.

பிடியில் விருப்பு வெறுப்புப் பார்ப்பது மேனாட்டார் கற்பித்த பழக்கம் என்று எண்ணிவிடலாகாது. நம் புலவர்கள் கையாண்ட மடக்கெழுத்தாணி என்ன? ஒரு பக்கம் எழுத்தாணியும் மறு பக்கம் ஓலை வாரும் கத்தியுமாக, இரண்டும் மடங்கிப் பிடிக்குள் அடங்குவதும் உண்டு. அதன் பிடி மரத்தாலும் தந்தத்தாலும் மாட்டுக் கொம்பாலும் அமைந்ததை உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் குறித்துள்ளார். தாமும் ஒரு பிடியைத் தேர்ந்தெடுக்காத புலவர் இருந்திருப்பாரோ?

நிற்க. இத்தனை பிடித்தங்களிலும் நாம் நிறத்தை அழகென்று மட்டுமே எண்ணி வந்தோம். சிவப்பு என்றவுடன் திருவிழாக் கடையில் பலூனுக்கு அருகே தொங்கும் மலிவுக் கத்திதான் நினைவுக்கு வந்தது. ஆனால் உலகில் பெரும்புகழ் பெற்ற மடக்குக் கத்தியே சிவப்புப் பிடி போட்டதன்றோ? சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1891-இல் தம் நாட்டுப் படைவீரருக்கு வழங்கிய கத்தி மரப்பிடி கொண்டது. 1897-இல் பதிவு பெற்ற அவருடைய அதிகாரிகள் கத்திதான் பின்னர்ச் சிவப்புப் பிடியோடு நாடெங்கும் பரவியது. பனியில் விழுந்தால் சிவப்பு உடனே கண்ணில் படும் அல்லவா? இது நினைவுக்கு வந்ததும் நம் சிரிப்பு அடங்கிற்று. பாரிமுனைக் கடையொன்றில் சிவப்புப் பிடிக் கத்தி ஒன்றை வாங்கி வந்தோம்.

பகலில் குறையில்லை. கீரைக் குவியலுக்கு நடுவே செம்பருத்தி போல் தெரிந்தது. பத்து நாள் கழித்து, விளக்கேற்றும் வேளையில், கொல்லைப்புறத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்த தாயாரின் கையிலிருந்து அது நழுவியது. தாயாருக்குத் தெரியாததில் வியப்பில்லை. இரு கண்ணும் நன்றாயுள்ள நமக்கும் தெரியவில்லை! கைவிளக்குக் கொண்டுவந்து பார்த்தால், நம் காலடியில் ஒரு சாண் தொலைவில் கிடந்தது.

காரணத்தைத் தேடிப் படித்தோம். கண்ணின் திரையில் இரு வகை அணுக்கள் உள்ளன. கூம்பு அணுக்கள் பகலொளியில் நிறம் அறிவன. கோல் அணுக்கள் மங்கிய ஒளியில் துணை நிற்பன. இந்தக் கோல் அணுக்களுக்குச் சிவப்பு ஏறத்தாழத் தெரியவே தெரியாது. ஆகவே பொழுது சாயும்போது எல்லா நிறங்களுக்கும் முன்பாகக் கறுத்துப் போவது சிவப்பே. 19-ஆம் நூற்றாண்டில் இதை ஆய்ந்துரைத்தவர் பொகீமிய அறிஞர் புர்கின்யே. பகலில் சுடராய் நின்ற செம்மலர் விடியற்கருக்கலில் கறுத்துத் தோன்றியதைக் கண்டே அவர் சிந்திக்கலானார் என்பர். இளமையில் பியாரிஸ்டு துறவற சபையில் சேர்ந்து விலகியவர் அவர். விடியுமுன் எழும் பழக்கம் அங்கே வந்ததோ என்னவோ!

நாம் படித்ததைத் தாயாரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் கேட்டுக்கொண்டே அடுக்களைக்குச் சென்று ஒரு மிளகாய்ப்பழமும் ஓர் எலுமிச்சம்பழமும் எடுத்து வந்தார். இரண்டையும் முறத்துக் கீரையின் மேல் வைத்து, கொல்லைப் படியில் முக்காலியைப் போட்டு அமர்ந்தார். ஏரிப் பக்கம் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மிளகாய் எப்போது மறைந்தது என்று நாம் கவனிக்கவில்லை. அவர் கவனித்திருந்தார். நெடுநேரம் கழித்து, "எலுமிச்சை இன்னும் தெரியுது. மஞ்சள் போடு" என்றார்.

மஞ்சள் நெகிழிப் பிடிக் கத்தி கடையில் இல்லாமலில்லை. அமெரிக்க உழவர் நெடுங்காலமாக மஞ்சள் பிடிக் கத்தியை விரும்புவதும் தவறி விழுந்தால் தெரியும் என்பதற்காகவே என்பர். ஆனால் அந்த மலிவுக் கத்தியின் அலகு ஒரு வாரத்தில் மழுங்கிற்று. தந்தையார் கத்தியின் எஃகுக்கு ஈடாகவில்லை. நம் இல்லாள் பழைய பிடியின் மேல் மஞ்சள் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிப் பார்த்தார். கீரைச் சாறும் எண்ணெயும் ஊறி, நான்காம் நாள் அது விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. "அத்தை, இது ஆகாது" என்று அவரே பிய்த்தெறிந்தார்.

கடைசியில் நம் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவரிடம் கத்தியைக் கொண்டு சென்றோம். ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர். விஜயந்தா டாங்கியையும் அர்ஜுன் டாங்கியையும் கண்டவர். கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்: "சர்வீஸ் பூரா கண்ணுக்குத் தெரியாத கலராப் பார்த்துப் பூசினோம் சார். தெரியற கலர் வேணும்னு இப்பத்தான் ஒருத்தர் வந்திருக்கீங்க."

பெயின்ட் அடித்தால் உரியும் என்றார். மூலையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்து, ஓரத்தைச் சீவிக் காட்டினார். உள்ளே மாம்பழ மஞ்சள். பலா மரம்! மிருதங்கத்துக்கும் வீணைக்கும் குடைவது. கீழைநாட்டுப் புத்தத் துறவியர் தம் ஆடைக்குச் சாயம் காய்ச்சுவதும் இதன் வைரத்திலிருந்துதான். சாயம் பூச வேண்டாத மஞ்சள். ஆயினும் ஒளி படப்பட அது செந்நிறமாகி, பின்பு பழுப்பாகிவிடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பழைய பிடியைக் கழற்ற வேண்டும் என்றதும் நாம் தயங்கினோம். அந்தப் பெருவிரல் பள்ளம் நம் கண்முன் நின்றது. தந்தையாரின் கையை இனி வேறெதிலே தொடுவது? வீட்டுக்கு வந்து தாயாரிடம் சொன்னோம். அவர் கத்தியை வாங்கித் தம் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துக் காட்டினார். விரல் அதில் நிலைகொள்ளாமல் முன்னே சறுக்கி அலகுப் பக்கம் சென்றது.

"உங்கப்பா விரலுக்கு விழுந்த பள்ளம்பா இது. எனக்கு என்னைக்குமே ஒத்துவரல. அவரு வச்சிருந்ததாச்சேன்னு இத்தனை நாள் சொல்லல."

அத்தனை ஆண்டுகள் அவர் கையில் கத்தியைப் பார்த்த நாம் இதைப் பார்த்ததில்லை. பசுவின் தொட்டியில் விழுந்ததற்குக் கண் மட்டுமே காரணம் என்று கருதியிருந்தோம்.

ஃபிட்டர் ஆணித் தலைகளை அரத்தால் அராவி, கொம்புத் துண்டுகள் இரண்டையும் விரிசலின்றிக் கழற்றினார். தாயாரைத் தம் பட்டறைக்கே வரவழைத்து, ஒரு களிமண் உருண்டையைப் பிடிக்கச் சொல்லி, அந்தப் பிடிப்பைப் பார்த்தே பலாத் துண்டுகளை இழைத்தார். தந்தையார் பிடியைவிட இது சற்றுப் பருமன். முன்புறம் விரல் முட்டி நிற்க ஒரு சிறு மேடு. மூன்று பித்தளை ஆணி. மெருகெண்ணெய் பூசவில்லை, பூசினால் மஞ்சள் விரைவில் கறுக்கும் என்றார். கூலி வாங்க மறுத்தவர், தாயார் கொடுத்தனுப்பிய முருங்கைக் கீரையை மட்டும் பெற்றுக்கொண்டார்.

அதன் பிறகு கத்தி ஒரு முறையும் தொலையவில்லை. கொம்புத் துண்டுகளைப் பருத்தித் துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். நாம் மறந்தாலும் தாயார் மறப்பதில்லை.

பிடியின் மஞ்சள் இப்போதே சற்றுச் சிவந்திருக்கிறது. ஃபிட்டர் அதே மரத்தில் இன்னொரு சோடித் துண்டும் அறுத்துக் கொடுத்திருந்தார். ஒளி படாதிருக்க அதைத் தாயார் அரிசித் தகரத்துக்குள் புதைத்து வைத்திருக்கிறார். சென்ற வாரம் அரிசி அள்ளும்போது கையில் தட்டுப்பட்டதாம். "நல்லா மஞ்சளா இருக்கு. அடுத்த வருசம் மாத்திக்கலாம்" என்றார்.