முன்னாள் படைவீரர் நலத் துறையும் நாடாளுமன்றக் கண்காணிப்பும்: நிலைப்பாட்டு அறிக்கை

முன்னாள் படைவீரர் நலத் துறை 2004 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் தனித் துறையாக அமைக்கப்பட்டது. ஓய்வூதியக் கொள்கையும் படையிலிருந்து திரும்புவோரின் மறுவாழ்வும் இதன் இரு பெரும் பொறுப்புகள். கேந்திரிய சைனிக் போர்டின் செயலகம், மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம், இ.சி.எச்.எஸ். என்று அழைக்கப்படும் மருத்துவத் திட்டத்தின் மைய அமைப்பு ஆகியவை இத்துறையின் கீழ் இயங்குகின்றன.

இத்துறையைக் கண்காணிப்பது பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு. துறைசார் நிலைக்குழு முறை 1993-ல் நடைமுறைக்கு வந்தது. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என மொத்தம் 31 உறுப்பினர்கள், அமைச்சர்களுக்கு இடமில்லை. மானியக் கோரிக்கைகளையும் அனுப்பப்படும் மசோதாக்களையும் ஆண்டறிக்கைகளையும் நீண்டகாலக் கொள்கைகளையும் குழு ஆராய்கிறது. அன்றாட நிர்வாகத்தில் தலையிட அதற்கு அதிகாரமில்லை. ஆனால் ஓய்வுபெற்ற ஒரு ஹவில்தாரின் குறைகளில் பெரும்பாலானவை அந்த அன்றாட நிர்வாகத்தில்தான் பிறக்கின்றன.

பாதுகாப்பு அமைச்சகத்தில் ஐந்து துறைகள் உள்ளன. போர் விமானக் கொள்முதல், ஏவுகணை ஆராய்ச்சி, எல்லைச் சாலைகள் என எல்லாம் அதே 31 பேர் முன் வருகின்றன. பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் கிடைக்கும் சில வாரங்களுக்குள் அத்தனை கோரிக்கைகளும் பார்த்து முடிக்கப்பட வேண்டும். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்ட சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாயில் ஓய்வூதியத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1.61 லட்சம் கோடி ரூபாய், அதாவது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய தொகை பல ஆண்டுகளில் மக்களவையில் விவாதமே இல்லாமல், 'கில்லட்டின்' முறையில் மற்ற கோரிக்கைகளோடு சேர்ந்து நிறைவேறியிருக்கிறது. இது சரியல்ல என்பதே இவ்வறிக்கையின் முதல் நிலைப்பாடு.

நாடாளுமன்றம் விட்ட இடத்தை யார் நிரப்பினார்கள் என்பதை 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' விவகாரம் காட்டுகிறது. ஒரே பதவியில், ஒரே கால அளவு பணியாற்றியவர்களுக்கு, எந்த ஆண்டில் ஓய்வுபெற்றிருந்தாலும் சமமான ஓய்வூதியம் வேண்டும் என்பது கோரிக்கை. பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு இதை விரிவாக விசாரித்து, 2011 டிசம்பரில் ஏற்கத்தக்கதென்று பரிந்துரைத்தது. அது நாடாளுமன்றக் கண்காணிப்பு நன்றாக வேலை செய்த நேரம். மனு ஒன்றே விசாரணைக்குப் போதுமான காரணமாக அமைந்தது. அதிகாரிகள் குழுவின் முன் வந்து பதில் சொன்னார்கள். பரிந்துரையும் தெளிவாக இருந்தது.

தடுமாற்றம் அதன் பிறகுதான். 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் கொள்கை அளவில் ஏற்பு வந்தது. 2015-ல் ஜந்தர் மந்தரில் முதியவர்கள் மாதக்கணக்கில் போராடிய பின், அந்த ஆண்டு நவம்பர் 7-ல் ஆணை வெளியானது. 2014 ஜூலை 1 முதல் அமல், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுநிர்ணயம் என்பது அந்த ஆணையின் விதி. அதன்படி 2019 ஜூலையில் வந்திருக்க வேண்டிய மறுநிர்ணயம் வரவில்லை. 2022 மார்ச் 16-ல் உச்ச நீதிமன்றம் கொள்கையைச் செல்லும் என்று ஏற்று, நிலுவையிலிருந்த மறுநிர்ணயத்தைச் செய்து மூன்று மாதத்துக்குள் பாக்கியைத் தரச் சொன்னது. அரசு அவகாசம் கேட்டது. அமைச்சரவை ஒப்புதல் வந்தபோது அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. பாக்கியை நான்கு தவணையாகத் தருவதாக 2023 ஜனவரியில் அமைச்சகம் கடிதம் வெளியிட, நீதிமன்றம் அதைக் கண்டித்தது. மார்ச் 20-ல் அரசுத் தரப்பு மூடிய உறையில் தந்த குறிப்பைத் தலைமை நீதிபதி சந்திரசூட் வாங்க மறுத்தார். குடும்ப ஓய்வூதியதாரர்களுக்கும் வீரப்பதக்கம் பெற்றோருக்கும் ஏப்ரல் 30, எழுபது வயது கடந்தோருக்கு ஜூன் 30, மற்றவர்களுக்கு 2024 பிப்ரவரி 28-க்குள் தவணையாக என்று நீதிமன்றமே நாள் குறித்தது. சுமார் 25 லட்சம் பேருக்கு எந்தத் தேதியில் பணம் போய்ச் சேர வேண்டும் என்ற நிர்வாகக் கேள்வி உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. 2019 ஜூலை தாண்டியதுமே நிலைக்குழு செயலரை அழைத்து, எழுத்துபூர்வமான கால அட்டவணை வாங்கியிருக்க வேண்டிய விஷயம் இது. காத்திருந்தவர்களில் பலர் எண்பதைக் கடந்தவர்கள்.

குழுக்கள் பரிந்துரைக்கத் தவறுவதில்லை, தொடர்ச்சிதான் அறுபடுகிறது. பரிந்துரைகளுக்கு அரசு மூன்று மாதத்துக்குள் நடவடிக்கைப் பதில் தர வேண்டும். குழு அந்தப் பதில்களை ஏற்கப்பட்டவை, வலியுறுத்த வேண்டாதவை, திருப்தி தராதவை, இடைக்காலப் பதில்கள் என வகைப்படுத்தி இன்னொரு அறிக்கை வெளியிடுகிறது. "பரிசீலனையில் உள்ளது" என்ற இடைக்காலப் பதிலோடு பல பரிந்துரைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. குழுவின் பதவிக்காலமோ ஓராண்டு. புதிய உறுப்பினர்கள் பொருளைப் பழகுவதற்குள் அடுத்த குழு வந்துவிடுகிறது. அதே பரிந்துரை மீண்டும் எழுதப்படுகிறது.

2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டத்தில் 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இயங்குகின்றன. அங்கே முடியாத சிகிச்சைக்குப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தரப்படும். பில் தொகை தாமதமானால் மருத்துவமனை பணமில்லாச் சிகிச்சை தரத் தயங்குகிறது. நோயாளி கையிலிருந்து கட்டிவிட்டு, திரும்பப் பெற அலைகிறார். சி.ஏ.ஜி. 2015-ஆம் ஆண்டு அறிக்கையில் இத்திட்டத்தைத் தனியே ஆராய்ந்தது. அத்தகைய தணிக்கை குறிப்பிட்ட இடைவெளியில் வர வேண்டும் என்றும், நிலுவை பில்களின் அளவை மண்டல வாரியாக ஒவ்வொரு காலாண்டிலும் குழுவின் முன் வைக்க வேண்டும் என்றும் இவ்வறிக்கை கோருகிறது.

ஓய்வூதியம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற மின்னணு முறைக்கு மாறியிருக்கிறது. அதை நடத்துவது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம். கொள்கை வகுப்பது நலத் துறை. பெயரில் ஓர் எழுத்து மாறியதால் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோன ஒரு விதவைக்கு இந்த எல்லைக்கோடு புரிய வேண்டிய அவசியமில்லை. இரு தரப்பும் ஒரே அமர்வில் குழுவின் முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

வேலை ஒதுக்கீட்டில் எண்கள் தாளில் நன்றாகவே இருக்கின்றன. மத்திய அரசின் 'சி' பிரிவில் 10 சதவீதம். பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் 14.5 சதவீதம். நிரம்பும் இடங்கள் இதைவிடக் குறைவு என்று நிலைக்குழு மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டியுள்ளது. நிறுவன வாரியான கணக்கை அவையில் வைக்கச் சொல்வதே அடுத்த படி.

மாவட்ட அளவிலான சைனிக் போர்டு அலுவலகங்கள் மாநில நிர்வாகத்தில் உள்ளவை. தமிழ்நாட்டில் அவை முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் என்று அறியப்படுகின்றன. வேலூர் போன்ற, தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் மாவட்டங்களில் அந்த அலுவலகத்தின் வாசல்தான் அரசின் முகம். இங்கே நாடாளுமன்றக் குழுவின் கை முழுதாக எட்டாது. மாநிலச் சட்டமன்றங்களும் ஆண்டுதோறும் இந்த அலுவலகங்களின் காலிப்பணியிடங்களையும் கொடிநாள் நிதிச் செலவையும் ஆராய வேண்டும்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் முன்னாள் வீரர்களுக்கென்றே தனிக்குழுக்கள் உள்ளன. 2014-ல் ஃபீனிக்ஸ் நகர முன்னாள் வீரர் மருத்துவமனையில் காத்திருப்புப் பட்டியல் மறைக்கப்பட்டது வெளிவந்தபோது, குழு விசாரணைகளின் நடுவே துறைச் செயலர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். சில மாதங்களில் புதிய சட்டமும் வந்தது. இந்தியாவில் அப்படியொரு தனிக்குழுவுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. மக்களவை விதிகள் குழுக்களுக்குத் துணைக்குழு அமைக்கும் அதிகாரத்தைத் தருகின்றன. பாதுகாப்பு நிலைக்குழுவுக்குள் முன்னாள் படைவீரர் நலனுக்கென நிரந்தரத் துணைக்குழு ஒன்று அமைய வேண்டும். அதன் உறுப்பினர்கள் மக்களவையின் முழுக் காலத்துக்கும் தொடர வேண்டும். இடைக்காலப் பதிலோடு நின்ற ஒவ்வொரு பரிந்துரையும் ஆறு மாதத்துக்கொருமுறை அதன் முன் திரும்பி வர வேண்டும். டெல்லிக்கு வெளியே, வீரர்கள் வாழும் மாவட்டங்களிலும் அது அமர வேண்டும்.

அத்துணைக்குழுவின் முதல் வேலையும் காத்திருக்கிறது. 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் தொகுப்பினரின் நான்காண்டுகள் 2026 இறுதியிலிருந்து நிறைவடைகின்றன. அவர்களில் 25 சதவீதம் வரையிலானோரே படையில் தொடர்வர். மற்றவர்களுக்கு ஓய்வூதியமும் இ.சி.எச்.எஸ். வசதியும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் திட்டத்தில் தரப்படவில்லை. இவர்களின் மறுவேலைக்கும், பணியில் காயமுற்றோரின் சிகிச்சைக்கும் எந்தத் துறை எவ்வளவு பொறுப்பு என்பதை அமைச்சகம் எழுத்தில் தெரிவித்து, அந்தப் பதில் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும்.